பண்ணைக்கு அடியில் ஒரு முகாம்

செக் நாட்டின் தெற்கே, பீசெக் நகரத்துக்குக் கொஞ்சம் வடக்கில் லெட்டி என்றொரு சிற்றூர். இரண்டாம் உலகப் போரின்போது ரோமா மக்களை, அதாவது 'ஜிப்சிகள்' என்று பிறர் அழைத்த மக்களை, அடைத்துவைத்த முகாம் ஒன்று அங்கே இருந்தது. 1,300 பேருக்கு மேல் அதற்குள் போனார்கள். 300 பேருக்கு மேல் அங்கேயே செத்தார்கள், அதில் பெரும்பாலும் குழந்தைகள். 1970-களில் அன்றைய கம்யூனிஸ்ட் அரசு அதே நிலத்தில் ஒரு பெரிய பன்றிப் பண்ணையைக் கட்டியது. ஒரே நேரத்தில் சுமார் 13,000 பன்றிகள். அந்தப் பண்ணையை அங்கிருந்து எடுக்கவைப்பதற்காக ஒரு மனிதர் தன் ஆயுளின் கடைசி 24 வருடங்களைக் கொடுத்தார். அவர் பெயர் செனெக் ரூஜிச்கா.

பிராகில் வேலை நிமித்தம் குடியிருக்கும் தமிழர்களில் லெட்டியைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் செஸ்கி குரும்லோவ் கோட்டையைப் பார்க்கத் தெற்கே போவார்கள். லெட்டி அந்தப் பக்கம்தான். பண்ணை இருந்த காலத்திலேயே நான் அங்கே போயிருக்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி, வயல், அப்புறம் காடு. வேலிக்குப் பின்னால் நீளநீளமாகத் தாழ்ந்த கூரைக் கொட்டகைகள், பக்கத்தில் தீவனம் கொட்டிவைக்கும் உயரமான உருளைகள். முதலில் வருவது நாற்றம். சாதாரண மாட்டுத்தொழுவ வாடை இல்லை. மூத்திரமும் புளித்த தீவனமும் கலந்து தொண்டையில் போய் உட்காரும் நாற்றம். காற்று அடங்கினால் பன்றிகளின் சத்தமும் கேட்கும். அங்கிருந்து சிறிது தூரத்தில், மரங்களுக்கு நடுவே, முகாமில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் 1995-இல் வைத்த ஒரு கல் நினைவுச்சின்னம். அதைத் திறந்துவைத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் வாட்ஸ்லாவ் ஹாவெல். நாள் மே 13.

அந்த நாளையொட்டி வருடாவருடம் மே மாதத்தில் அஞ்சலிக் கூட்டம். மலர்வளையம் வைக்க அமைச்சர்கள் வருவார்கள், தூதரகக்காரர்கள் வருவார்கள், இரண்டு நிமிடம் பேசுவார்கள். முன்வரிசை நாற்காலிகளில் வயதான ரோமா பெண்கள். சிலர் கைக்குட்டையை மூக்கில் வைத்திருப்பார்கள். அது அழுகைக்கா நாற்றத்துக்கா என்று தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. கோட்டும் டையும் போட்ட அதிகாரிகளையும் அந்தக் காற்றுக்குள் கொண்டுவந்து நிறுத்தியதில் ரூஜிச்காவின் சாமர்த்தியம் இருந்தது என்பது என் எண்ணம். கோரிக்கை மனுவைப் படிக்காமல் கோப்பில் வைத்துவிடலாம். மூச்சை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்?

ரூஜிச்கா 1946-இல் பிறந்தவர். அவர் அம்மா லெட்டியில் கைதியாக இருந்தவர். அவருடைய முதல் குழந்தை, அதாவது ரூஜிச்காவுக்கு முன்னால் பிறந்த அண்ணன், அந்த முகாமில் இறந்துபோனது. செக் ரோமா குடும்பங்களில் இப்படியொரு கதையைச் சொல்ல ஆளே மிச்சமில்லாமல் போனதுதான் பெரிய விஷயம். போருக்கு முன் செக் பகுதியில் சுமார் 6,500 ரோமா மக்கள் இருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் 600 பேருக்கும் குறைவு. இன்று அந்த நாட்டில் இருக்கும் ரோமா மக்களில் மிகப் பெரும்பாலோர் போருக்குப் பிறகு ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். லெட்டியில் தாத்தா பாட்டியைப் பறிகொடுத்த குடும்பங்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. ஓட்டுக் கணக்கில் ஒன்றுமே இல்லாதவர்கள். 1998-இல் அவர்களைச் சேர்த்து ரூஜிச்கா ஒரு குழு அமைத்தார்: ரோமா இனப்படுகொலைக்கு நியாயம் கேட்கும் குழு. பெயர் பெரிதாக இருந்தாலும் ஆள்பலம், பணபலம் இரண்டும் கொஞ்சம்தான்.

கோரிக்கை எளிமையானது. பண்ணையை எடு, அந்த இடத்தில் நினைவிடம் கட்டு. அரசின் பதிலும் எளிமையானது: பணம் இல்லை. 1999-இல் அரசின் மனித உரிமை ஆணையராக இருந்த பெட்ர் ஊல் பண்ணையை அகற்ற யோசனை சொன்னார். அன்றைய அரசு செலவைக் காட்டி ஒதுக்கியது. அடுத்தடுத்து வந்த அரசுகளும் அதையே சொல்லின. ஜெமானில் தொடங்கி சோபோட்கா வரை ஒன்பது பிரதமர்கள். ஒவ்வொருவர் பதவியேற்கும்போதும் அதே கோரிக்கையை முதல் பக்கத்திலிருந்து மறுபடி விளக்க வேண்டும்.

ஆனால் பணம்தான் தடை என்று நான் நம்பவில்லை. ஏன் என்று சொல்ல, லெட்டி ரோமா மக்களுக்கான முகாமாக மாறிய 1942-க்கும் முன்னால் போக வேண்டும்.

செக்கோஸ்லோவாக்கியா கிழக்கு ஐரோப்பாவில் ஜனநாயகத்துக்குப் பேர்போன நாடாக இருந்த காலம். 1927-இல் அதன் நாடாளுமன்றம் 'ஊர்சுற்றும் ஜிப்சிகள்' பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது. ரோமா மக்களுக்குத் தனி அடையாள அட்டை, அதில் கைரேகை. எந்த ஊரில் எத்தனை நாள் தங்கலாம் என்பதற்குப் போலீஸ் அனுமதி. நம்மூர்க் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு இதன் வாசனை உடனே பிடிபடும். அப்புறம் 1939 மார்ச் 2: 'வேலை செய்ய மனமில்லாதவர்களுக்கு' ஒழுங்குமுறை உழைப்பு முகாம்கள் அமைக்கலாம் என்று செக்கோஸ்லோவாக்க அரசு உத்தரவு போடுகிறது. ஹிட்லரின் படை பிராகுக்குள் நுழைந்தது மார்ச் 15. அதாவது ஜெர்மானியர் வருவதற்கு 13 நாள் முன்னாலேயே முகாமுக்கான காகிதம் தயார்.

லெட்டி முகாம் 1940 ஆகஸ்டில் திறந்தது. 1942 ஆகஸ்டில் அதை 'ஜிப்சி முகாம்' ஆக்கினார்கள். செக் நாட்டின் மேற்குப் பகுதியான போஹீமியா முழுவதிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். சில நூறு பேருக்காகக் கட்டிய மரக் குடிசைகளில் ஆயிரம் பேருக்கு மேல். பகலில் கல்லுடைப்பு, சாலை வேலை, காட்டில் மரம் வெட்டுவது. அந்தக் குளிர்காலத்தில் டைஃபஸ் என்ற தொற்றுக்காய்ச்சல் பரவியது. முதலில் பக்கத்து ஊர் மிரோவிட்ஸே கல்லறையில் புதைத்தார்கள். சாவு கூடியதும் முகாமுக்கு அருகிலேயே காட்டில். அங்கே பிறந்த குழந்தைகள் முப்பதுக்கு மேல். 1943 மே மாதம் 400-க்கும் அதிகமானவர்களை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். ஆகஸ்டில் முகாமை மூடி, குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள்.

இதில் முக்கியமானது காவல் யாருடையது என்பது. தளபதி யோசெஃப் யானோவ்ஸ்கி, செக்காரர். வாயிலில் நின்றவர்கள், ரொட்டி அளந்தவர்கள், தடி எடுத்தவர்கள் எல்லோரும் செக் காவல்படையினர். மேலே ஜெர்மானிய ஆட்சி இருந்தது உண்மை. கீழே உள்ளூர் கை இருந்ததும் உண்மை. போருக்குப் பின் தளபதிமேல் வழக்கு நடந்தது, தண்டனை இல்லாமல் முடிந்தது. செக் மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் நாஜிக்களால் நசுக்கப்பட்ட லிடிட்ஸே கிராமம் இருக்கிறது. அது நியாயமான துக்கம். லெட்டி அந்தக் கதைக்குள் பொருந்தாது. பண்ணையை வாங்கி இடிப்பதென்றால் ஏன் இடிக்கிறோம் என்று கல்லில் எழுதிவைக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தின் விலைதான் எல்லா அரசுகளுக்கும் கட்டுபடியாகவில்லை.

அதே 1999-இல் வடக்கே ஊஸ்தி நாட் லாபெம் நகரத்தில் நடந்ததோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மாடிச்னி தெருவில் ரோமா மக்கள் குடியிருந்த கட்டடங்களுக்கும் எதிர்வரிசை வீடுகளுக்கும் நடுவே நகராட்சி ஒரு சுவர் எழுப்பியது. அக்டோபர் 13-இல் எழுந்த சுவர் நவம்பர் 24-இல் இடிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருந்த காலம் அது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. நகராட்சிக்கு அரசு ஒரு கோடி கொருனா (செக் நாணயம்) கொடுத்தது. சுவர் வேண்டும் என்று கேட்ட எதிர்வரிசைக்காரர்களின் வீடுகளை வாங்கவும் அந்தப் பணம்தான் போனது. ஆக, வேண்டுமென்றால் ஆறு வாரத்தில் முடியும், பணமும் கிடைக்கும். சுவரை இடிக்க வரலாறு எதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. லெட்டியில் வேண்டியிருந்தது.

ரூஜிச்கா இதைப் புரிந்துவைத்திருந்தார் என்பது அவர் எதை மறுத்தார் என்பதில் தெரிகிறது. 2010 வாக்கில் அரசு ஒரு நடுவழி கண்டுபிடித்தது. பண்ணை அப்படியே இருக்கும். பக்கத்தில் நினைவிடத்தைச் செப்பனிட்டு, மாதிரிக் குடிசைகள் வைத்து, கூட்டம் நடத்த இடமும் கட்டித் தந்தார்கள். பராமரிப்பு லிடிட்ஸே நினைவகத்தின் பொறுப்பு. பலருக்கு அதுவே போதும் என்று பட்டிருக்கும். பண்ணையை எடுத்தே ஆக வேண்டும் என்ற கோரிக்கையைக் குழு விடவில்லை. நாட்டுக்குள் கதவு திறக்காததால் அதற்கு முன்பே வெளியே போயிருந்தார்கள். 2005 ஏப்ரலிலும் 2008 ஜனவரியிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தீர்மானங்களில் லெட்டிப் பண்ணையை அகற்ற வேண்டும் என்ற வரி இடம்பெற்றது. ஒரு பன்றிப் பண்ணை ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேர் சொல்லிப் பேசப்பட்டது வேறெங்கும் உண்டா தெரியவில்லை!

எதிர்வினையும் வந்தது. 2005-இல் குடியரசுத் தலைவர் வாட்ஸ்லாவ் க்ளௌஸ், லெட்டி நாம் நினைக்கிற அர்த்தத்தில் வதைமுகாம் அல்ல என்று பேசினார். 2016-இல் நிதியமைச்சராக இருந்த ஆந்த்ரே பாபிஷ், அது உழைப்பு முகாம்தான், வேலை செய்யாதவர்கள்தான் அங்கே போனார்கள் என்ற பொருளில் பேசிவிட்டு, கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். 2018-இல் தீவிர வலதுசாரிக் கட்சித் தலைவர் தோமியோ ஒகாமுரா முகாமுக்கு வேலியே இல்லை என்றார். பிறகு வேலி பற்றிச் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்தார். மூவரும் வேறு வேறு கட்சி. மூவருக்கும் பொதுவான ஒரு நூல் உண்டு: 1939-ஆம் ஆண்டு உத்தரவில் இருந்த 'வேலை செய்ய மனமில்லாதவர்கள்' என்ற அதே குற்றச்சாட்டு எழுபது எண்பது வருடம் கழித்தும் உயிரோடு இருந்தது. கைக்குழந்தை என்ன வேலைக்குப் போகாமல் இருந்தது என்று அவர்களிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

என்னுடன் வேலை பார்க்கும் செக் நண்பர் ஒருவர், நல்ல மனிதர், மதியச் சாப்பாட்டின்போது வேறு மாதிரி சொன்னார். "செத்தவங்களுக்கு அவ்வளவு பணமா? உயிரோட இருக்கிற ரோமா பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டலாமே." கேட்க நியாயமாக இருக்கும். அதே நாட்டில் ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான தனிப் பள்ளிகளுக்குத் தள்ளியது பாகுபாடு என்று ஆஸ்ட்ராவா நகரத்துப் பிள்ளைகள் 18 பேர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. பள்ளிக்கூடம் கேட்டபோது அது கிடைத்ததா? நினைவிடம் கேட்டால் பள்ளிக்கூடம் என்பதும், பள்ளிக்கூடம் கேட்டால் முதலில் ஒழுங்காக வேலைக்குப் போகச் சொல் என்பதும், ஒரே வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் முட்டைக்கோஸைக் கிளறிக்கொண்டே "அதுவும் சரிதான்" என்றார்.

கடைசியில் கலாசார அமைச்சர் டானியேல் ஹெர்மன் உரிமையாளர்களோடு பேசிப்பேசி இதை முடிவுக்குக் கொண்டுவந்தார். 2017 அக்டோபர் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றுவிட்டது. பதவி விலகப்போகிற அரசு, போகிற போக்கில், நவம்பர் 23 அன்று பண்ணையை வாங்கக் கையெழுத்துப் போட்டது. விலை ஏறக்குறைய 45 கோடி கொருனா, அன்றைய கணக்கில் 130 கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த பிரதமர் வேறு யார், பாபிஷ்தான். அவர் ஆட்சியில் 2018 வசந்தத்தில் பண்ணை அரசு கைக்கு வந்தது. நினைவிடப் பொறுப்பு பர்னோ நகரத்தில் இருக்கும் ரோமானி கலாசார அருங்காட்சியகத்துக்குப் போனது. ரோமா மக்களே 1991-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. எனக்கு இந்தப் பொறுப்பு மாற்றம் விலையைவிடப் பெரிதாகப் படுகிறது.

பண்ணைக்காரர்களுக்கு இவ்வளவு தொகை கொடுத்தது பலருக்கு உறுத்தியது, எனக்கும்தான். ஆனால் நிலம் சட்டப்படி அவர்களுடையது, முகாமை நடத்தியது அவர்களும் அல்ல. அதே இடத்தில் பன்றியை வளர்த்தது 1970-களின் அரசு. அதைத் தனியாருக்கு விற்றது 1990-களின் அரசு. இரண்டுக்கும் சேர்த்து 2017-இன் அரசு வட்டி கட்டியது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் பில்சன் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் மண்ணைத் தோண்டினார்கள். முகாம் குடிசைகளின் அடித்தளமும் கைதிகளின் அன்றாடச் சாமான்களும் வெளியே வந்தன. 2019-இல் பக்கத்துப் புதைகாட்டில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடும் ஒரு சிசுவின் எலும்புகளும் கிடைத்தன. வேலி இருந்ததா, முகாம்தானா என்று மேடையில் பேசியவர்களுக்கு மண் பதில் சொன்னது.

2022 ஜூலையில் இடிப்பு தொடங்கியபோது ரூஜிச்கா அங்கே இருந்தார். கொட்டகைகள் ஒவ்வொன்றாக இறங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை முடிந்தது. அதே டிசம்பரில் அவர் காலமானார். புதிய நினைவிடத்தை 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் பெட்ர் பாவெல் முன்னிலையில் திறந்தார்கள்.

இந்தியர்களான நமக்கு ரோமா என்றாலே ஒரு சொந்தம் கொண்டாடும் பழக்கம் உண்டு. முன்னோர் வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதில் மொழியியலாளர்களுக்கும் மரபணு ஆய்வாளர்களுக்கும் சந்தேகமில்லை. அவர்கள் கொடியில் இருக்கும் 16 ஆரச் சக்கரமே நம் அசோகச் சக்கரத்தைப் பார்த்து வைத்ததுதான். 1971-இல் லண்டன் அருகே நடந்த முதல் உலக ரோமா மாநாட்டில் ஏற்றது. டெல்லியில் 2016-இல் சர்வதேச மாநாடுகூட நடத்தினோம். லெட்டியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் முகத்தைப் பார்த்து "இந்தியாவா?" என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தப் பிடிக்கு உள்ள உரிமையில் பாதியை நாம் காட்டியிருந்தால், எந்த இந்திய அரசாவது அந்தப் பன்றிப் பண்ணையைப் பற்றி பிராகில் உரக்க ஒரு வார்த்தை கேட்டிருக்கும். மாநாட்டுக்கு அழைத்து மாலை போடுவது சுலபம்.

ரூஜிச்காவைப் போலவே பிடித்த பிடியை விடாத இன்னொருவர் ஆஸ்ட்ராவாவில் இருக்கிறார்: எலேனா கோரோலோவா, சமூகப் பணியாளர். 1990-இல் இரண்டாவது மகன் பிறந்த பிரசவத்தின்போது, வலியில் துடிக்கும் நேரத்தில் காகிதத்தில் கையெழுத்து வாங்கி அவருக்குக் கருத்தடை செய்துவிட்டார்கள். கம்யூனிஸ்ட் காலத்தில் தொடங்கி அதற்குப் பின்னும் ரோமா பெண்கள் பலருக்கு இது நடந்தது. கோரோலோவா பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடித்தேடிச் சேர்த்தார், மருத்துவமனை வாசலில் பதாகையோடு நின்றார், ஐநா வரை போய்ப் பேசினார். 2005-இல் அரசின் மக்கள் குறைதீர்ப்பாளர் ஓடாகர் மோட்டெய்ல் புகார்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். 2009-இல் அரசு வருத்தம் தெரிவித்தது. 2021-இல்தான் சட்டம் வந்தது: ஆளுக்கு மூன்று லட்சம் கொருனா.

சட்டம் வந்த பிறகும் விண்ணப்பங்கள் திரும்பின. ஆதாரமாக மருத்துவமனைக் குறிப்பு கேட்டார்கள். முப்பது, நாற்பது வருடத்துக்கு முந்திய குறிப்புகளை மருத்துவமனைகள் எப்போதோ அழித்திருந்தன. அழித்தவர்களுக்குக் கேள்வி இல்லை. இல்லாத காகிதத்தைக் கொண்டுவரச் சொன்னது அறுபது, எழுபது வயதுப் பெண்களிடம். சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். குறிப்பு இல்லை என்பதாலேயே தள்ளிவிட முடியாது, வேறு சாட்சியங்களையும் பார் என்று நீதிபதிகள் சில முடிவுகளைத் திருப்பி அனுப்பினார்கள். கோரோலோவா விண்ணப்பம் நிரப்பத் தெரியாத பெண்களோடு உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக்கொடுக்கிற வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.